மிச்சக் கியரெல்லாம் எங்கே?

“மிச்சக் கியரெல்லாம் எங்க?”

கேட்டவள் என் மனைவி செல்வி. பாத்திரம் கழுவிய ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி பின்வாசலில் நின்றாள். அவளுக்கு எதிரே சைக்கிள் ஒன்று சக்கரங்கள் வானத்தைப் பார்க்கக் கவிழ்ந்து கிடந்தது. அதன் பக்கத்தில், முழங்கை வரை கறுப்பு மசகோடு நான். எனக்குப் பக்கத்தில் அதே கோலத்தில் என் நண்பன் சாகுல்.

சாகுல் மெதுவாக எழுந்தான். “வீட்டுல கறி வாங்கியாரச் சொன்னா மாப்ளே, மறந்தே போச்சு” என்றபடி வேலியோரமாக நழுவினான். எங்கே ஆபத்து வந்தாலும் அவனுக்குக் கறி ஞாபகம் வந்துவிடும். பள்ளிக்கூட நாளிலிருந்தே அப்படித்தான்.

“கழட்டியாச்சு” என்றேன்.

“கழட்டி?”

“இனிமே இது ஒத்தைக் கியர் சைக்கிள் செல்வி. வெளிநாட்டுல எல்லாம் இப்ப இதுதான். கியர் சைக்கிள் வச்சிருக்கிறவனே கழட்டிப்புட்டு…”

“எங்கப்பா குடுத்தது இருபத்தியோரு கியரு. இதுல ஒண்ணுதான் நிக்குது. மிச்சம் எங்க?”

பொய் ஒன்று தயாராவதற்குள் மாட்டிக்கொண்டேன். என் பின்னால் பளபளவென்று ஒரு புது பிளாஸ்டிக் வாளி இருந்தது. நீல நிறம். அவள் கண் அதன் மேல் போய் நின்றது.

“இந்த வாளி ஏது?”

### வாயால் வந்த சைக்கிள்

வாளிக்குப் பதில் சொல்வதற்கு முன், சைக்கிள் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் காரைக்குடியில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருப்பவன் என்பது இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். காதுகுத்து முதல் கருமாதி வரை எங்கள் பக்கத்தில் ஃப்ளெக்ஸ் இல்லாமல் ஒரு காரியமும் நடக்காது. சின்ன முகத்தைப் பெரிதாக்குவதுதான் என் தொழில். அந்தப் பழக்கம் வாய்க்கும் வந்துவிட்டது.

பெண் பார்க்கக் கல்லலுக்குப் போயிருந்தபோது, செல்வியின் அப்பா என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “மாப்பிள்ளைக்குப் பழக்கவழக்கம் எப்புடி?” அவர் கேட்டது குடியைப் பற்றி. நான் அதைப் புரிந்துகொள்ளாமல், “காலையில எந்திரிச்சதும் சைக்கிள் ஓட்டுவேன். உடம்புக்கு நல்லதுல்ல” என்றேன். உண்மையில் நான் ஓட்டியது டீக்கடை வரைக்கும். அதுவும் என் சித்தப்பாவின் சைக்கிள்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தலைதீபாவளிக்கு மாமனார் வீட்டுக்குப் போனேன். எங்கள் சொந்தத்தில் மாப்பிள்ளைக்கு மோதிரம் போடுவது வழக்கம். நான் முதல் நாளே விரலில் கிடந்த பழைய வெள்ளி மோதிரத்தைக் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன். காலையில் எண்ணெய் தேய்த்துக் குளித்து, புது வேட்டி கட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தால், நடுக்கூடத்தில் கோலம் போட்டு அதன் மேல் ஒரு கியர் சைக்கிள் நிற்கிறது. கைப்பிடியில் மல்லிகைச் சரம். சீட்டில் சந்தனம். முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு. அத்தனை தட்டுக்கும் தனித்தனியாகக் குங்குமம் வைத்திருந்தார்கள்.

மாமா வெற்றிலை பாக்குத் தாம்பாளத்தை நீட்டி, “மலை ஏறுற சைக்கிளாம் மாப்ள. இருக்குறதுலயே ஒசத்தி இதுதான்னு சொன்னாக” என்றார்.

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. குன்றக்குடியில் ஒரு குன்று உண்டு. அதிலும் படியேறித்தான் முருகனைப் பார்க்க முடியும். மற்றபடி காரைக்குடியின் இமயமலை ரயில்வே மேம்பாலம்தான்.

அன்றே தெருவில் ஒரு வட்டம் ஓட்டிப் பார்த்தேன். கைப்பிடியில் இருந்த கியர் குச்சியை ஒரு தட்டுத் தட்டினேன். சங்கிலி கழன்று விழுந்தது. மாட்டினேன். மறுபடி விழுந்தது. சிரித்துக்கொண்டே உருட்டி வந்து நிறுத்திவிட்டு, “அருமையான சைக்கிள் மாமா” என்றேன்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். பெண் வீட்டிலிருந்து வந்த சீரில் குறை சொல்வது எங்களில் பெரிய மரியாதைக் கேடு. என் அம்மா இந்த விஷயத்தில் ரொம்பக் கறார். செல்வி கொண்டுவந்த மிக்ஸி போட்டால் ஹெலிகாப்டர் இறங்குகிற சத்தம் கேட்கும். அம்மா ஒரு நாளும் அதைப் பற்றி வாயே திறந்ததில்லை. மிக்ஸி ஓடும்போது தன் குரலை உயர்த்திக்கொள்வாள், அவ்வளவுதான். தெருவே எங்கள் வீட்டில் சண்டை என்று நினைத்தது.

அதனால் நானும் வாய் திறக்கவில்லை. சைக்கிளைப் பஸ் மேலே ஏற்றிக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தேன். சில நாள் ஓட்டினேன், பல நாள் உருட்டினேன். பிறகு “முழங்கால் வலிக்குது” என்று ஒரு பொய்யைச் சொல்லி, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டேன். வருடங்கள் போயின. கைப்பிடியில் துண்டு காயப்போட்டோம்.

### சர்க்கரையும் சாகுலும்

ஆறு மாதம் முன்னால் டாக்டர் என் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “சர்க்கரை வாசலில் நிற்கிறது, உள்ளே கூப்பிட்டுவிடாதீர்கள்” என்றார். நடக்கச் சொன்னார். நடந்தால் வழியெல்லாம் என் வாடிக்கையாளர்கள். “என் மாமன் படத்தை ஏண்ணே என் படத்தவிடப் பெருசாப் போட்டீக?” என்று நிறுத்தி வைத்துக் கேட்பார்கள். சைக்கிள் என்றால் நிற்காமல் போய்விடலாம்.

தார்ப்பாயை விலக்கினேன். சைக்கிள் நன்றாகத்தான் இருந்தது. சங்கிலியும் பழையபடி நன்றாகவே கழன்றது. சைக்கிள் கடைக்காரர் பார்த்துவிட்டு, “இந்த மாடலுக்கு இப்ப சாமான் வாரதில்லண்ணே” என்று கையை விரித்தார்.

அந்த நேரம் பார்த்துச் சாகுல் சார்ஜாவிலிருந்து லீவில் வந்திருந்தான். அங்கே ஏசி மெக்கானிக். லீவில் வந்த முதல் வாரம் அவன் விருந்தாளி. இரண்டாவது வாரம் வீட்டிலுள்ள எல்லா ஃபேனையும் கழற்றி மாட்டினான். மூன்றாவது வாரம் அவன் மனைவி எனக்கே போன் போட்டாள். “அண்ணே, இவுகளுக்கு எதாச்சும் வேலை குடுங்கண்ணே, கிரைண்டர் மேல கண்ணு வச்சிருக்காக.”

இருவரும் கைப்பேசியில் வீடியோ தேடினோம். ஒரு வெள்ளைக்காரர் கழுத்துப்பட்டி போட்ட நாய் ஒன்றைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, பழைய கியர் சைக்கிளை ஒத்தைக் கியராக மாற்றினார். பின்னால் இருக்கும் ஏழு தட்டைக் கழற்று. சாதா சைக்கிளின் ஒற்றைப் பல்சக்கரத்தை, அதாவது ஃப்ரீவீலை, மாட்டு. சங்கிலியை வெட்டிச் சின்னதாக்கு. கியர் குச்சி, கம்பி எல்லாவற்றையும் தூக்கி எறி. தட்டு மாறாவிட்டால் சங்கிலிக்குக் கழல வேலையே இல்லை. ஒரு பாட்டு ஓடி முடிவதற்குள் அவர் வேலையை முடித்துவிட்டார். நாய்கூட எழுந்திருக்கவில்லை.

“நம்ம சுபுஹு முடிஞ்சு ஒக்காந்தா லுஹருக்குள்ள ஓட்டிப்புடலாம் மாப்ளே, இன்ஷா அல்லா” என்றான் சாகுல். விடிகாலைத் தொழுகை முடிந்து உட்கார்ந்தால் மதியத் தொழுகைக்குள் என்று கணக்கு.

கழற்றுகிற வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் நடந்தது. கழற்றுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. புது ஃப்ரீவீலும் ஏறிவிட்டது. சங்கிலியில்தான் வந்தது வினை. ஒரு கண்ணியை எடுத்தால் சங்கிலி எட்டவில்லை. விட்டால் தூளி மாதிரித் தொங்குகிறது. சாதா சைக்கிளில் பின்சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து முடுக்கிவிடலாம். இந்த மலைச் சைக்கிளில் சக்கரம் உட்காரும் காடிப்பள்ளம் செங்குத்தாக இருந்தது. முன்னும் போகாது, பின்னும் வராது.

இப்படி நாங்கள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோதுதான் தெருவில் “பழைய இரும்பு, பிளாஸ்டிக்கு, பேப்பரே…” என்று குரல் கேட்டது. “இந்தக் கழிசடையெல்லாம் எதுக்கு மாப்ளே கண்ணு முன்னாடி?” என்று சாகுல் கழற்றிய சாமான் அத்தனையையும் அள்ளிக்கொண்டு ஓடினான். திரும்பி வரும்போது அவன் கையில் அந்த நீல வாளி இருந்தது.

### ஒரு வாளி

“எங்கப்பா குடுத்த கியருக்கு ஒரு வாளியா?”

செல்வி கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். அவள் கத்தவில்லை. குரல் இறங்கிப்போய், கண் கலங்கிவிட்டது. எத்தனையோ பொருளை இந்த வீட்டில் உடைத்திருக்கிறேன். ஒன்றுக்கும் அவள் அழுததில்லை.

“ஓட்டாத சைக்கிள்தான செல்வி…”

“ஞாயித்துக்கிழமை அப்பா வாராக. மூக்குக் கண்ணாடி மாத்த. வந்ததும் மொதல்ல எதப் பாப்பாக?”

அது எனக்கும் தெரியும். மாமா எப்போது வந்தாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போவார். தார்ப்பாயைத் தூக்கிச் சைக்கிளைப் பார்ப்பார். சீட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு மூடுவார். அதற்குப் பிறகுதான் வீட்டுக்குள் வருவார்.

“அவுக வரும்போது கியரோட நிக்கணும். அம்புட்டுத்தான்” என்று சொல்லிவிட்டுச் செல்வி உள்ளே போனாள். வாளியையும் எடுத்துக்கொண்டு போனாள். கோபம் வேறு, வாளி வேறு.

பிறந்த வீட்டுப் பெருமை, வேறென்ன என்று நான் நினைத்துக்கொண்டேன்.

கறி வாங்கப் போன சாகுலைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அந்த வண்டிக்காரர் சரக்குப் போடும் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர். “அந்தா அங்குட்டுக் கெடக்கு, பாத்து எடுத்துக்கங்க” என்று ஒரு குவியலைக் காட்டினார். ஓட்டை அண்டா, உடைந்த மின்விசிறி, யாரோ ஒருவர் வீட்டு இரும்புக் கேட்டின் பாதி, எல்லாவற்றையும் புரட்டினோம். கியர் குச்சி இரண்டும் கம்பியோடு கிடைத்தன. பின்சக்கரத்தில் தொங்கும் கியர் கையும் கிடைத்தது. ஏழு தட்டு அடுக்கு மட்டும் கடைக்காரர் மேசையில், பில் பறக்காமல் இருக்க உட்கார்ந்திருந்தது. “இது கனமா அம்சமா இருக்குண்ணே” என்று அதை மட்டும் தர மறுத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அந்தக் கியர் கையை ஒப்புக்கு மாட்டினோம். அங்கேதான் அதிசயம். அந்தக் கையில் ஸ்பிரிங் வைத்த இரண்டு சின்னச் சக்கரங்கள் உண்டு. தொங்கிக்கொண்டிருந்த சங்கிலியை அவற்றின் வழியாக விட்டதும் அது விறைப்பாக நின்றுவிட்டது. பக்கத்துத் திருகாணியைக் கொஞ்சம் முடுக்கியதும், சங்கிலி ஒற்றைத் தட்டுக்கு நேராக உட்கார்ந்தது. காலையில் தூக்கி எறிந்த சாமான்தான் காலையிலிருந்து நாங்கள் தேடிக்கொண்டிருந்த சாமான். வாளிக்குப் போட்டிருந்தோம்!

“நாந்தான சொன்னேன்” என்றான் சாகுல். அவன் ஒன்றும் சொல்லவில்லை.

கியர் குச்சிகளைக் கைப்பிடியில் பழைய இடத்திலேயே பொருத்தினோம். கம்பியைக் குச்சியிலிருந்து கொஞ்ச தூரம் விட்டு, பிரேமில் கறுப்பு டேப் போட்டு ஒட்டினோம். தட்டினால் ‘டக்’ என்று சத்தம் வரும். வேறொன்றும் வராது. முன்னால் மூன்று பல்சக்கரமும் ஒன்றோடொன்று ஆணி அறைந்து சேர்த்தவை என்பதால், கழற்ற வராமல் அப்படியே நின்றன. பார்வைக்கு இருபத்தொன்று, ஓட்டத்துக்கு ஒன்று. என் தொழிலே அதுதானே.

செல்வி சுற்றி வந்து பார்த்தாள். “பின்னால ஒரு தட்டுதான இருக்கு?”

“மாமாவே கண்ணாடி மாத்தத்தான வாராக” என்றேன்.

அவள் பார்த்த பார்வையை இந்தத் தொடரில் எழுத முடியாது. இந்த அத்தியாயத்தை முதலில் படிப்பவளும் அவள்தான்.

### பாலத்துக்குப் போனவர்

ஞாயிற்றுக்கிழமை மாமா ஒரு பை நிறையக் கடலையோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். செருப்போடு தொட்டிப் பக்கம் போனார். தார்ப்பாயைத் தூக்கினார். சீட்டைத் தட்டினார். மூடுவார் என்று நானும் செல்வியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

மூடவில்லை. “தொடைச்சு எண்ண போட்டு வச்சிருக்கீக போல. ஒரு ரவுண்டு போய்ட்டு வரட்டா மாப்ள?”

இத்தனை வருடத்தில் அவர் அதைக் கேட்டதே இல்லை. வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். தெருமுனை திரும்பும்போது ‘டக், டக்’ என்று சத்தம் கேட்டது. செல்வி கண்ணை மூடிக்கொண்டாள்.

வெகுநேரம் ஆகியும் ஆள் வரவில்லை. எழுபதை நெருங்கும் மனிதர். பழக்கமில்லாத டவுன் டிராஃபிக். ‘டக்’கென்று தட்டிவிட்டு, கியர் மாறும் என்று நம்பி எங்கேயாவது ஏறி… ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு தேடிப் போனேன்.

மேம்பாலத்தின் அடியில், வேப்பமர நிழலில் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாலத்துல ரெண்டு தடவ ஏறி எறங்கிட்டேன் மாப்ள. கழலல.”

“ஆமா மாமா…”

“அந்தக் குச்சி ரெண்டும் சும்மா டக்கு டக்குங்குது. ஒண்ணையும் இழுக்கல. பின்னால ஒரு தட்டுதான் கெடக்கு.”

அவர் என்னைப் பார்த்தார்.

“நல்ல காரியம் பண்ணுனீக. இத நான் அன்னைக்கே பண்ணியிருக்கணும்.”

பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். தீபாவளிக்கு முந்தின நாள் காரைக்குடியில் அந்தச் சைக்கிளை வாங்கியிருக்கிறார். ஓட்டிக்கொண்டே ஊர் போய்விடலாம் என்று ஏறியவர், வழியில் ஆசைப்பட்டு ஒரு குச்சியைத் தட்டியிருக்கிறார். சங்கிலி விழுந்தது. மாட்டினார். விழுந்தது. தூறல் வேறு.

“கல்லல் வரைக்கும் உருட்டிக்கிட்டுத்தான் வந்தேன். திருப்பிக் குடுத்தா மறுநா உங்க முன்னால வெறுங்கையோட நிக்கணும். மாப்ள என்னைக்காச்சும் கேட்டுருவாருன்னு ஒவ்வொரு தடவ வாரப்பயும் பயந்துக்கிட்டேதான் அந்தத் தார்ப்பாயத் தூக்குவேன். நீங்க ஒரு வார்த்த கேட்டதில்ல.”

“எனக்கும் அன்னைக்கே கழண்டுச்சு மாமா.”

அவர் நிமிர்ந்தார். “அன்னைக்கேவா?”

“உங்க தெரு முக்குல. சீர்ல குறை சொல்லப்படாதுன்னுதான்…”

மாமா சிரிக்க ஆரம்பித்தார். நானும் சிரித்தேன். ஒரே சைக்கிளுக்கு இரண்டு பேர் இத்தனை வருடம் மரியாதை செய்திருக்கிறோம். பாலத்தில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அந்த மனிதரை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. மாமனாரைக் கட்டிக்கொள்ளும் பழக்கம் எங்களில் இல்லாததால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டேன்.

கிளம்பும்போது மட்டும் முகம் மாறி, “செல்விக்குத் தெரிய வேணாம் மாப்ள. அப்பன் ஒண்ணுக்கும் ஆகாத சாமான வாங்கிக் குடுத்தான்னு மனசு சங்கடப்படும். குச்சி ரெண்டும் அப்புடியே இருக்கட்டும்” என்றார்.

### விரல்

கண்ணாடி மாற்றிக் கொடுத்து, சாயங்கால பஸ்ஸில் அவரை ஏற்றிவிட்டு வந்தேன். செல்வி கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா என்ன சொன்னாக?”

“கியர் நல்லா வேலை செய்யுதாம்” என்றேன்.

அவள் இரண்டு கடலையை உரித்து முடித்தாள். “உருட்டிக்கிட்டு வந்ததச் சொன்னாகளா?”

நான் அவள் எதிரே உட்கார்ந்தேன்.

அவள் பார்த்திருக்கிறாள். அன்று சாயங்காலம் கொல்லைக் கதவு வழியாக, வேட்டி முழங்கால் வரை சேறோடு, சைக்கிளைத் தூக்காத குறையாக அவர் உள்ளே கொண்டுவந்ததை. சாம்பலும் மண்ணெண்ணெயும் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதை. கழுவியும் மசகு போகாததை.

“மறுநா உங்களுக்குத் தாம்பாளம் குடுத்தாகள்ல? வெரல மடக்கிக்கிட்டே நீட்டுனாக. நகமெல்லாம் கறுப்பு. நீங்க பாக்கல.”

நான் பார்க்கவில்லை. அந்தத் தாம்பாளத்தில் வெற்றிலைக்கு அடியில் மோதிரம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

“எனக்குத் தெரியும்னு அப்பாவுக்குத் தெரியாது” என்றாள் செல்வி. “கியருக்காகவா அழுதேன்? இத்தன தூரம் உருட்டிக்கிட்டு வந்ததப் போய் வாளிக்குப் போட்டுட்டீகளேன்னுதான்.”

### கேரியர்

மறுநாள் செல்வி கேட்டது ஒன்றுதான். சைக்கிளுக்குப் பின்னால் ஒரு கேரியர். மலைச் சைக்கிளுக்குக் கேரியர் மாட்டுவது அந்த வெள்ளைக்காரர் வீடியோவில் இல்லை. ஆனாலும் சாகுல் மாட்டினான். சார்ஜாவுக்குக் கிளம்புவதற்கு முன் அவன் செய்த கடைசி வேலை அது. அசையாமல் நின்றது. அவன் மனைவி, ‘கிரைண்டரும் தப்பித்தது’ என்று எனக்கு நன்றி சொன்னாள்.

அடுத்த விடுமுறை நாளில் விடியற்காலையே கிளம்பினோம். நான் மிதிக்க, செல்வி பின்னால் உட்கார, கல்லலுக்கு. ஒத்தைக் கியரில் இரண்டு பேர் போவது எப்படி இருக்கும் என்று என் முழங்கால் சொல்லும். இந்த முறை அது சொல்வது பொய் இல்லை. வழியில் மூன்று முறை டீ குடித்தோம். சர்க்கரை போடாமல்தான்.

கல்லலில் மாமா வாசலில் நின்றுகொண்டிருந்தார். தெருமுனையிலேயே எங்களைப் பார்த்துவிட்டார். மகளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. சங்கிலியைத்தான் பார்த்தார். நான் இறங்கியதும் பக்கத்தில் வந்து, செல்விக்குக் கேட்காத குரலில், “வழியில கழண்டுச்சா மாப்ள?” என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் கேரியரிலிருந்து பதில் வந்தது.

“இல்லப்பா. இந்தத் தடவ யாரும் உருட்டல.”

மாமா என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று தலையை ஆட்டினேன். பிறகு மகளைப் பார்த்தார். இரண்டு கையையும் மெல்லப் பின்னால் கொண்டுபோய்க் கட்டிக்கொண்டார்.

செல்வி இறங்கிப் போய் அந்தக் கைகளைப் பிடித்து முன்னால் இழுத்தாள். மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். சுத்தமாகத்தான் இருந்தன.